கைப்பிடி சுற்றும் பையன்

(தலைப்பு: "எதிர்காலக் கருவிகளைப் பற்றி அன்று கண்ட கனவு பலித்ததா, பொய்த்ததா?" பொய்த்தது என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய உரை.)

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, இந்த மார்கழிப் பனியில் தலையில் மப்ளரும் மடியில் தூங்குகிற பிள்ளையுமாக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அக்கா தங்கச்சிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு நிமிடம். மைக் கத்துகிறது. மேடைக்குப் பின்னாலிருந்து தம்பி ஓடி வருகிறார். சரி, இப்போது கேட்கிறதா? நன்றி தம்பி. எங்கேயும் போய்விடாதீர்கள், அப்புறம் உங்களிடம் எனக்கு வேலை இருக்கிறது.

எதிரணித் தலைவர் அண்ணன் பேசி முடித்தபோது பந்தலே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கைதட்டினீர்கள். நிலாவுக்குப் போவதைப் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865-லேயே கதையாக எழுதிவிட்டார் என்றார். சட்டைப் பையில் தொலைபேசி வரும் என்று விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லா 1926-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார் என்றார். சோதனைக்குழாய்க் குழந்தையைப் பெரியார் 1940-களிலேயே சொன்னார், 1978-ல் இங்கிலாந்தில் அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டது என்றார். எல்லாம் உண்மைதான். ஆகவே கனவு பலித்தது, தீர்ப்பை எழுதிக்கொள்ளுங்கள் என்று நடுவர் கையில் பேனாவையும் கொடுக்காத குறை.

நடுவர் அவர்களே, நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். விடை சரியாக இருந்தால் மட்டும் முழு மதிப்பெண் போட மாட்டேன். வழியைப் பார்ப்பேன். வெர்ன் ஐயா விடைத்தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

புளோரிடாவிலிருந்து கிளம்புகிறார்கள், சரி. மூன்று பேர் போகிறார்கள், சரி. 1969-ல் அப்பல்லோ 11 அதே புளோரிடாவிலிருந்து மூன்று பேரோடுதான் போனது. ஆனால் எதில் அனுப்புகிறார்? பீரங்கியில். 900 அடி நீளத்துக்குப் பூமிக்குள் ஒரு பீரங்கியை வார்த்து, அதில் மனிதர்களைக் குண்டாகப் போட்டுச் சுடுகிறார். பூமியை விட்டுத் தப்ப நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தை 900 அடிக்குள் எட்ட வேண்டுமென்றால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்துச் சமன்பாடு ஒன்று போதும். உள்ளே இருக்கிறவரின் எடை இருபதாயிரம் மடங்குக்கு மேல் போய்விடும். அறுபது கிலோ ஆள் ஆயிரம் டன்னைத் தாண்டிவிடுவார். அடியில் தண்ணீர் மெத்தை வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்கிறார் வெர்ன். ஐயா, எத்தனை மெத்தை வைத்தாலும் கல்லில் ஊற்றிய தோசை மாவு மாதிரி ஆகிவிடுவார்கள். மேலே போயிருப்பார்கள், சந்தேகமில்லை. அது வேறு மேலே.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. கருவியைப் பற்றிக் கனவு காண்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கருவி கண்ணுக்குத் தெரியும், அதற்குள்ளே இருக்கிற ஆள் தெரிய மாட்டார். ஆளைக் கழித்துவிட்டுக் கனவு கண்டார்கள். கருவி வந்தது. ஆள் கழியவில்லை. அதனால்தான் அந்தக் கனவு பொய்த்தது என்கிறேன்.

பாரிசில் 1900-ஆம் ஆண்டு பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அந்தச் சமயத்தில் '2000-ஆம் ஆண்டில்' என்று ஒரு படத்தொகுப்பு வரைந்தார்கள். ழான்-மார்க் கோத்தே என்பவரும் வேறு சில ஓவியர்களும் வரைந்தது. முதலில் சுருட்டுப் பெட்டிக்குள் வைக்கும் அட்டையாக வந்தது, அப்புறம் தபால் அட்டையாக. எண்பதுக்கு மேற்பட்ட படங்கள் கிடைத்திருக்கின்றன. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும். சிறகு கட்டிக்கொண்டு பறந்துபோய் மாடித் தீயை அணைக்கும் வீரர்கள். கடலுக்குள் திமிங்கலம் இழுத்துப்போகும் பஸ். கணப்பில் விறகுக்குப் பதில் ரேடியத்தை வைத்துக் குடும்பமே குளிர்காய்கிறது! ரேடியத்தின் கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்று படம் வரைந்த காலத்தில் சரியாகத் தெரியாது, பாவம்.

அதில் ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு வகுப்பறை. பிள்ளைகள் வரிசையாக, கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தலையிலும் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி, அதிலிருந்து மேலே போகிற கம்பி. இந்தப் பக்கம் மாவு மில்லில் இருக்கிற மாதிரி ஒரு பெட்டி. வாத்தியார் புத்தகங்களை அதன் வாயில் போடுகிறார். புத்தகம் அரைபட்டு, அறிவாகிக் கம்பி வழியே பிள்ளைகள் மண்டைக்குள் இறங்குகிறது. பார்த்தீர்களா, இணைய வழிக் கல்வியை அன்றே சொல்லிவிட்டார் என்று எதிரணித் தங்கை இந்தப் படத்தைத்தான் சொன்னார்.

அம்மா, படத்தின் ஓரத்தைப் பார்த்தீர்களா? அங்கே ஒரு பையன் நிற்கிறான். அந்தப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றுகிறான். கையால். அவன் தலையில் தொப்பி இல்லை, கம்பி இல்லை. அவன் சுற்றச் சுற்ற மற்றப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இதே 1900-ல்தான் பாரிசில் மின்சார மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. மனித அறிவையே கம்பியில் அனுப்பலாம் என்று யோசித்த ஓவியருக்கு, அந்தக் கைப்பிடிக்கு ஒரு மோட்டார் வைக்கத் தெரியாதா? தெரியும். ஆனால் தோன்றவில்லை. சுற்றுவதற்கு ஒரு பையன் எப்போதும் இருப்பான் என்பது அவருக்கு யோசிக்காமலே தெரிந்திருந்தது. வீட்டில் இருந்தான், கடையில் இருந்தான், 2000-லும் இருப்பான்.

அதே தொகுப்பில் தரை தேய்க்கும் மின்சார இயந்திரம் ஒன்று இருக்கிறது. இன்றைக்குத் தரையில் வட்டமாக ஓடித் துடைக்கிறதே ரோபோ, அதற்குத் தாத்தா. அதன் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? வேலைக்காரப் பெண். நூறு வருஷம் தள்ளிப் பார்த்த கண்ணுக்கு அந்த வேலைக்காரப் பெண் இல்லாத வீட்டைப் பார்க்க முடியவில்லை.

சரி, அது பழைய பிரான்ஸ். அமெரிக்காவுக்கு வருவோம். 1950 பிப்ரவரியில் பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகை, அடுத்த ஐம்பது ஆண்டுகளில் வரப்போகும் அதிசயங்கள் என்று ஒரு நீண்ட கட்டுரை போட்டது. 2000-த்தில் இல்லத்தரசி வீட்டை எப்படிச் சுத்தம் செய்வாள் தெரியுமா? சோபா, விரிப்பு, திரை எல்லாம் தண்ணீர் பட்டாலும் கெடாத செயற்கைப் பொருள். நடுக்கூடத்தில் தரையில் ஒரு வடிகால். அவள் ஹோஸ் பைப்பை எடுத்து எல்லாவற்றின் மீதும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிடுவாள், முடிந்தது வேலை. நம் ஊரில் இதைக் காலையில் மாட்டுக் கொட்டகையில் செய்வோம். அதே கட்டுரையில், கழித்துப்போட்ட உள்ளாடையை வாங்கி அதிலிருந்து மிட்டாய் செய்வார்கள் என்றும் இருக்கிறது. அது பலிக்காததற்கு மட்டும் எதிரணியும் நாங்களும் சேர்ந்தே நன்றி சொல்லலாம்.

எனக்கு அந்த மிட்டாய்கூடப் பரவாயில்லை. சோபா மாறிவிட்டது, தரை மாறிவிட்டது, திரை மாறிவிட்டது. ஹோஸ் பைப்பைப் பிடித்திருக்கிற கை மட்டும் மாறவில்லை. வீட்டுக்காரர் எங்கே? கட்டுரை அவருக்கு அந்தப் பைப்பைக் கொடுக்கவே இல்லை!

இதைவிட அருமையான ஒன்று 1950-களின் கடைசியில் நடந்தது. வேர்ல்பூல் நிறுவனம் 'அதிசயச் சமையலறை' என்று ஒன்றைச் செய்து ஊர் ஊராகக் காட்டியது. 1959-ல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சிக்கும் அது போனது. தரை சுத்தம் செய்யும் இயந்திரம் தானே கிளம்பி வரும், தானே துடைக்கும், தானே திரும்பிப் போய் நிற்கும். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்த இயந்திரத்துக்கு அறிவு எங்கே இருந்தது? சுவரில் ஒரு கண்ணாடி. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் முகம் தெரியும், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அறை தெரியும். அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து ரேடியோவில் இயக்கிக்கொண்டிருந்தார். பாரிஸ் பையனாவது படத்தின் ஓரத்தில் நின்றான். இங்கே அவனைக் கண்ணாடிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அதே கண்காட்சியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ், சாப்பாட்டை வாயில் வைத்து உள்ளே தள்ளுகிற இயந்திரம் இல்லையா என்று கேட்டாராம். வம்புக்குக் கேட்டார், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

நம் வீட்டுச் சமையலறைக்கும் போகத்தானே வேண்டும்? பாரிசில் எந்த ஓவியரும் கனவில்கூடக் காணாத ஒரு கருவி கோயம்புத்தூரில் 1950-களில் பிறந்தது. வெட் கிரைண்டர். எங்கள் வீட்டுக்கு அது நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வந்தது. அதற்கு முன்னால் ஆட்டுக்கல். அம்மா ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, வலக்கையால் குழவியைச் சுற்றி, இடக்கையால் மாவைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். நான் தண்ணீர் தெளிப்பேன், தம்பி கொஞ்ச நேரம் குழவியைச் சுற்றுவான், பாட்டி பதம் பார்ப்பாள். அதனால் எங்கள் வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான்.

கிரைண்டர் வந்த அன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். அம்மாவுக்கு இனிமேல் கஷ்டம் இல்லை என்றார் அப்பா. என்ன ஆனது? தினமும் இட்லி, தினமும் தோசை. நானும் தம்பியும் படிக்கப் போய்விட்டோம், பாட்டி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கல்லைத் தூக்குவதும், மாவை வழிப்பதும், கழுவிக் கவிழ்ப்பதும் அம்மா ஒருத்தி. ஆட்டுக்கல் இருந்தபோது நாலு பேர் செய்த வேலை, கிரைண்டர் வந்ததும் ஒரே ஆள் வேலையாகிவிட்டது.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்று ஆசிரியர் 1983-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வீட்டுக்கு இயந்திரம் வந்தபோது குறைந்தது கணவன் வேலை, பிள்ளைகள் வேலை, வேலையாள் வேலை. அம்மாவின் வேலை குறையவில்லை என்கிறார். எங்கள் அம்மா ஆங்கிலம் படித்தவள் இல்லை. படித்திருந்தால் அந்தப் புத்தகத்துக்கு அவளே முன்னுரை எழுதியிருப்பாள்.

எதிரணித் தம்பி செல்போனில் ஒரு படம் காட்டினார். சுவர் முழுக்க டயல்கள், நடுவில் பெரிய ஸ்டீயரிங், பக்கத்தில் கோட் போட்ட ஒருவர். 2004-ல் வீட்டுக் கணினி இப்படி இருக்கும் என்று 1954-லேயே விஞ்ஞானிகள் சொன்ன படம் என்றார். தம்பி, அது நீர்மூழ்கிக் கப்பல் கட்டுப்பாட்டு அறையின் மாதிரி. 2004-ல் யாரோ விளையாட்டாகக் கணினியில் ஒட்டிச் செய்த படம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். விடுங்கள், எனக்கும் அதே படம் என் சித்தப்பாவிடமிருந்து வந்தது.

அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைச் சொன்னார்கள். 1956-லிருந்து இலங்கையில் வாழ்ந்து, 2008-ல் அங்கேயே மறைந்தவர். பூமிக்கு மேலே மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-ல் எழுதினார். தலை வணங்குகிறேன். அந்த நிலையங்களில் ஆட்கள் குடியிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார், ஏனென்றால் அந்தக் காலத்து ரேடியோ வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும், மாற்ற ஆள் வேண்டும். வால்வுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் வந்தது, ஆள் தேவைப்படவில்லை. இது என் கட்சிக்கு எதிரான உதாரணம்தான். நடுவர் வேண்டுமானால் ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அதே கிளார்க் 1964-ல் பிபிசி தொலைக்காட்சியில் வருங்காலத்தைப் பற்றிப் பேசினார். செயற்கைக்கோளை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன அந்த மூளை, வீட்டு வேலைக்கு என்ன வழி சொன்னது? குரங்குகளைப் பழக்கி, இன்னும் புத்திசாலியாக வளர்த்து, வேலையாட்களாக வைத்துக்கொள்ளலாம் என்றது! சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: கடைசியில் அந்தக் குரங்குகளும் தொழிற்சங்கம் ஆரம்பித்துவிடும், நாம் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்போம் என்று. விண்வெளி வரைக்கும் போன கனவு வேலைக்காரர் இல்லாத வீட்டு வாசலில் தடுக்கி விழுகிறது, பாருங்கள்.

கெயின்ஸ் என்ற பெரிய பொருளாதார அறிஞர் 1930-ல் எழுதினார்: நூறு வருஷத்தில் நம் பேரப்பிள்ளைகள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று. 2030-க்கு இன்னும் எத்தனை வருஷம் என்று கைவிரலிலேயே எண்ணிவிடலாம். இந்தப் பந்தலில் வாரம் பதினைந்து மணி நேரம் வேலை செய்கிறவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். ஐயா நீங்களா? பணி ஓய்வு பெற்றவர் கணக்கில் சேராது. டெஸ்லா சொன்ன பைத் தொலைபேசி பைக்கு வந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸையும் சேர்த்துப் பைக்குக் கொண்டுவந்தது.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் ஒருவரை நானே சொல்கிறேன். எதிரணி இவரை விட்டுவிட்டது, எனக்கு ஆச்சரியம். ரொக்கையா சகாவத் ஹுசைன். வங்காளத்துப் பெண். 1905-ல் 'சுல்தானாவின் கனவு' என்று ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். அது எங்கே அச்சானது? நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' பத்திரிகையில். வெயிலைப் பிடித்துச் சமைக்கிறார்கள், பலூனில் குழாய் வைத்து வானத்திலேயே தண்ணீர் எடுக்கிறார்கள், ஆகாய வண்டியில் பறக்கிறார்கள். அடுப்பில் கரி இல்லை, புகை இல்லை. பெண்கள் வெளியே ஆராய்ச்சி செய்கிறார்கள், ஆட்சி நடத்துகிறார்கள். ஆண்கள் எங்கே? வீட்டுக்குள்ளே. பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு. எழுதியதைப் படித்த அவருடைய கணவர், பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். நல்ல மனிதர், மனைவியைப் படிக்கவும் எழுதவும் ஊக்கப்படுத்தியவர்.

நான் இத்தனை பேரைப் பற்றிப் படித்ததில் இவர் ஒருவர்தான் ஏமாற்றவில்லை. சூரிய அடுப்பே வந்தாலும் அதன் முன்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று ரொக்கையாவுக்குத் தெரியும். ஏனென்றால் நிற்கிற இடத்திலிருந்து எழுதினார். ஆளே இல்லாத சமையலறை என்று கதை விடவில்லை, ஆளை மாற்றினார். நடுவர் கேட்பார்: அந்தக் கனவு பலித்ததா? மொட்டை மாடியில் சூரியத் தகடு வந்துவிட்டது. இங்கே வந்திருக்கிற அண்ணன்மாரே, இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு உங்கள் வீட்டில் யார் செய்து வைத்துவிட்டு வந்தார்கள்? அவ்வளவுதான் என் பதில்.

அடுத்து பாரதி. 'காசி நகர்ப் புலவர் பேசும் உரைதான் காஞ்சியில் கேட்பதற்கோர் கருவி செய்வோம்' என்று எதிரணித் தலைவர் பாடியே காட்டினார். நல்ல குரல். அந்தக் கருவி வந்துவிட்டது. ரேடியோவாக வந்து, டிவியாகி, கைக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அண்ணன் அந்தப் பாட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம்.

'சந்திர மண்டலத்தியல் கண்டு தெளிவோம்
சந்தி தெருப் பெருக்கும் சாத்திரம் கற்போம்.'

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தான் அந்த மனிதன். 2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் ஆறு மணி தாண்டி சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தோம், நானும்தான். முதல் வரி பலித்துவிட்டது. இரண்டாவது வரி? அடுத்த இரண்டு மாதத்துக்குள், அதே ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி இறந்துபோகிறவரின் குடும்பத்துக்கு இழப்பீடு முப்பது லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று. அதற்கு முன்னால் பத்து லட்சம். நிலாவில் கால் வைத்த வருஷத்தில் நாம் சாக்கடைச் சாவுக்கு விலையைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

கருவி இல்லையா? இருக்கிறது. கேரள இளைஞர்கள் சிலர் சாக்கடைக் குழிக்குள் இறங்கி அள்ளுகிற ரோபோ செய்தார்கள், 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கும் வந்துவிட்டது. மனிதர் இறங்கக் கூடாது என்று 2013-லேயே சட்டமும் வந்துவிட்டது. சட்டமும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது, இன்னும் ஆள் இறங்குகிறார். பாரதி 'கருவி' என்று சொல்லாமல் 'சாத்திரம்' என்று சொன்னது எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது.

கைதட்ட வேண்டாம். இதற்கு வேண்டாம்.

எதிரணித் தங்கை கடைசியாகப் புறநானூற்றை எடுத்தார். 'வலவன் ஏவா வான ஊர்தி.' ஓட்டுநர் இல்லாமல் வானத்தில் போகும் வண்டி. சங்க காலத்திலேயே டிரோனைக் கண்டுவிட்டோம் என்றார். பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறாள். ஆனால் அம்மா, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் அந்த ஊர்தியை யாருக்குக் கொடுக்கிறார் என்று பார்த்தாயா? புலவர் பாடும் புகழுடையவர்கள், தாங்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு ஏறுவது. அதாவது செத்த பிறகு. ஓட்டுநர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் செத்துத்தான் ஆக வேண்டும். சங்கப் புலவர் விவரமாகத்தான் சொல்லியிருக்கிறார்!

உயிரோடு இருக்கிறவர் ஏறுகிற வண்டி வேண்டுமா, சீவக சிந்தாமணிக்கு வா. மயிற்பொறி, மயில் வடிவில் பறக்கும் இயந்திரம். நிறைமாதக் கர்ப்பிணி விசயை அதில் ஏறித் தப்பிக்கிறாள். அதை இயக்க அவளே பழகியிருக்கிறாள். எதிரியின் வெற்றி முரசு காதில் விழுகிறது, அவள் மயங்குகிறாள். பொறியும் போய்ச் சுடுகாட்டில் இறங்கிவிடுகிறது. கை சோர்ந்தால் மயில் பறக்காது என்று திருத்தக்கதேவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைக்கு ஆளில்லா விமானம் என்கிறோம், தரையில் ஒரு அறையில் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிறார். தானே யோசிக்கும் இயந்திரம் என்கிறோம். 1770-ல் வியன்னாவில் கெம்ப்பெலன் என்பவர் சதுரங்கம் ஆடும் இயந்திரப் பொம்மை ஒன்றைச் செய்தார். தலைப்பாகை கட்டிய துருக்கியர் பொம்மை. ஐரோப்பாவின் ராஜாக்களோடெல்லாம் ஆடியது, 1809-ல் நெப்போலியனோடும் ஆடியது. பெட்டிக்குள்ளே சதுரங்கம் தெரிந்த ஒரு மனிதர் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் ரகசியம். கணினியால் செய்ய முடியாத சில்லறை வேலைகளை மனிதர்களிடம் கொடுத்து வாங்க அமேசான் 2005-ல் ஒரு சேவை தொடங்கியது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? அந்தத் துருக்கியர் பொம்மையின் பெயரையே. மெக்கானிக்கல் டர்க். ஒளித்து வைத்திருக்கிறோம் என்பதைப் பெயரிலேயே ஒளிக்கவில்லை, அந்த மட்டும் சரி.

என் அக்கா மகள் ஒருத்தி இருக்கிறாள். பட்டம் முடித்துவிட்டு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டேன். திரையில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தெரு வரும் சித்தி, கார் இருந்தால் அதைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும், மரம் இருந்தால் கட்டம், நாய் இருந்தால் கட்டம் என்றாள். நாள் முழுக்க அதேதான். ஓட்டுநர் இல்லாத காருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். ஒரு நாள் இரவு நேரப் படம் ஒன்று வந்திருக்கிறது. மழை, ஓரத்தில் ஏதோ கறுப்பாக. பக்கத்தில் இருந்தவர்கள் நிழல் என்றார்கள், மூட்டை என்றார்கள். இவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். ஒரு கிழவி. குனிந்து பையை எடுத்துக்கொண்டிருக்கிறாள். "நம்ம அப்பத்தா குனியற மாதிரியே இருந்துச்சு சித்தி" என்றாள். மனிதர் என்று கட்டம் போட்டாளாம்.

நாளைக்கு எங்கோ ஒரு நாட்டில், மழையில் ஒரு பாட்டிக்கு முன்னால் ஓட்டுநர் இல்லாத கார் தானாக நின்றால், பேப்பரில் என்ன போடுவார்கள்? அந்தக் காரின் அறிவைப் போடுவார்கள். வலவன் இல்லை என்பார்கள். வலவன் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில், மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நடுவர் மணி அடித்துவிட்டார். இரண்டாவது மணியும் அடித்துவிடுவார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முடித்துக்கொள்கிறேன். மேடைக்குப் பின்னால் இருக்கிற மைக் செட் தம்பி, நீங்கள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து கம்பி இழுத்ததை நான் பார்த்தேன். இன்னும் சாப்பிடவில்லை என்றும் சொன்னார்கள். எங்கள் அணிக்கு வைத்திருந்த பொட்டலத்தில் ஒன்று என் பையில் இருக்கிறது, எலுமிச்சை சாதம். நான் இறங்கியதும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்துப் பேசப்போகிற அண்ணன் கொஞ்சம் உயரம், மைக்கை ஒரு சாண் ஏற்றிவிடுங்கள்.

வணக்கம்.